முட்டை விற்பனைக்கு இல்லை, மகனே

மகனே, முட்டையை விற்கவில்லை, விற்கப்போவதும் இல்லை, நேற்று உன் கல்யாணப் பெண் ஹெல்மெட்டோடு அதற்குள் உட்கார்ந்தாள், தலை இடிக்கவே இல்லை!

ஆமாம், இந்தக் கார்க் குழுவிலேயேதான் எழுதுகிறேன். நீ வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் இங்கேதானே காரின் படத்தைப் போட்டு, 'கூண்டோடு விற்பனைக்கு' என்று எழுதினாய்? அதன் கீழே 'பிரதர், கடைசி விலை என்ன' என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர், காரை வைத்துக்கொள்ளுங்கள், கூண்டை மட்டும் கழற்றித் தருவீர்களா என்கிறார். கழற்றித் தர அது என்ன ஜன்னல் திரையா? அதனால் என் பதிலும் எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே வருகிறது. ஜோகூரில் வேலை முடிந்து அறைக்குப் போனதும், சாப்பிட்டுவிட்டு, படுத்துக்கொண்டு நிதானமாகப் படி. நீளமாகத்தான் இருக்கும். உன் அம்மா எதையாவது சுருக்கமாகச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா?

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்கிறேன், கொட்டாவி விடாதே. நாம் இருப்பது கோலா சாவாவில். வீட்டை ஒட்டியே உன் அப்பாவின் பட்டறை, கேட்டும் ஜன்னல் கிரில்லும்தான் வேலை. செனாவாங் பேக்டரியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த நான், நீ பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டு அப்பாவோடு வெல்டிங் பிடித்தேன். பாதி அவர் சொல்லிக்கொடுத்தது, மீதி கைப்பேசி சொல்லிக்கொடுத்தது. எந்த ஊர்க்காரன் வெல்டிங் வைத்து வீடியோ போட்டாலும் நான் பார்ப்பேன். அவன் பேசுவது ஒன்றும் புரியாது, கை என்ன செய்கிறது என்பது மட்டும் நன்றாகப் புரியும். சோறு வெந்துகொண்டிருக்கும்போது பார்ப்பேன், துணி காயப்போடும்போது பார்ப்பேன். 'அந்த வெள்ளக்காரன கட்டியிருந்தா நெருப்புப் பொறியிலயே சமைச்சிருப்பா' என்று அப்பா கிண்டல் செய்வார்.

நீ மூன்றாம் படிவம் படிக்கும்போது ஒரு நாள் ஓடிவந்து ஒரு வீடியோவைக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? பனி கொட்டிய காட்டுப் பாதையில் ஒரு பந்தயக் கார் பறந்து, உருண்டு, மரத்தில் மோதி, தலைகீழாகக் கிடந்தது. நீ காரின் வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாய். எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வெளியே வந்து, முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு நடந்தான் பார், நான் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். உன் தாத்தா செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். மழை நாளில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது டிராக்டர் சரிந்து கவிழ்ந்தது. குதித்துப் பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு அவர் நேராக நடந்து நான் பார்த்ததில்லை. அப்படிக் கவிழ்ந்த வண்டிக்குள்ளிருந்து ஒருவன் முழங்காலைத் தட்டிவிட்டு வருகிறான் என்றால் உள்ளே என்னதான் இருக்கிறது? 'ரோல் கேஜ்மா, இரும்புக் கூண்டு' என்றாய். அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்தது. உனக்குக் காரின் மேல் ஆசை. எனக்குக் கூண்டின் மேல்.

பிறகு நீ சம்பாதிக்க ஆரம்பித்ததும் முட்டை வந்தது. செனாவாங்கில் ஒரு வீட்டு வாசலில் டயரில் காற்றில்லாமல் கிடந்த வெள்ளைக் குட்டிக் கார். லாரியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கியபோது அப்பா பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்து, 'இது காரா, கோழி போட்டுட்டுப் போன முட்டையா?' என்றார். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

நம் முதல் கூண்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. எவ்வளவு அழகு அது! கேட் செய்கிறவர்கள் கையில் கூண்டைக் கொடுத்தால் எப்படி வரும்? கேட்டு மாதிரிதான் வரும். பட்டறையில் இருந்த மெல்லிய குழாயையே எடுத்தோம். ஒவ்வொரு வெல்டிங்கையும் கிரைண்டர் போட்டு வழுவழுவென்று தேய்த்தோம். பட்டி மாவு பூசி, வெள்ளிச் சாயம் அடித்தோம். குழாய் எங்கே முடிகிறது, எங்கே சேர்கிறது என்று தெரியாது. அதுதானே நம் தொழிலின் பெருமை? வீட்டுக்காரம்மா விரலை ஓட்டிப் பார்த்தால் ஒட்டு தட்டக்கூடாது. நானும் நீயும் அதைப் படம் பிடித்து இந்தக் குழுவில்தான் போட்டோம். 'ரொம்ப அழகு அக்கா' என்று எத்தனை இதயம் விழுந்தது!

பந்தயத்துக்கு முன்னால் காரைச் சோதிக்க வந்த அந்த வெள்ளைத் தாடி மலாய்க்காரரை மறக்க முடியுமா? அவர் கூண்டைச் சுற்றி வந்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார். பிறகு வெல்டிங் எங்கே என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாது, அதுதான் எங்கள் வேலை என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து பல் டாக்டர் வைத்திருப்பது போல ஒரு குட்டிக் கண்ணாடியை எடுத்து, கூரைக்கும் குழாய்க்கும் நடுவே விட்டுப் பார்த்தார். மேல் பக்கம் வெல்டிங்கே இல்லை! கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கேட்டுக்கு யார் வெல்டிங் வைப்பார்கள்? அவர் கண்ணாடியை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டு, 'கக், இனி புக்கான் கேஜ். இனி பாகார்' என்றார். அக்கா, இது கூண்டு இல்லை, வேலி. அங்கே நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் மட்டும் அவர் பின்னாலேயே ஓடினேன். 'பாக்சிக், அப்ப கூண்டு எப்படி இருக்கணும்?' என்று தெரிந்த மலாயில் கேட்டேன். தேய்த்த வெல்டிங் பாதி செத்த வெல்டிங் என்றார். வரி வரியாக, மீன் செதில் மாதிரி, குழாயைச் சுற்றி முழுவதும் தெரியவேண்டும். அழகாக இருக்கிறதா என்று பார்க்க ஒருவரும் வரமாட்டார், நாளைக்கு உன் பிள்ளை தலைகீழாகத் தொங்கும்போது இதுதான் அவனைப் பிடித்திருக்கும் என்றார்.

கோலா சாவா வந்ததும், 'விடுங்கம்மா, நமக்கு இது ஒத்துவராது' என்றாய். நான் கிரைண்டரை எடுத்து அந்த வேலியை அன்றைக்கே வெட்டிப் போட்டேன். உன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

இரண்டாவது கூண்டைச் செய்த மாதங்கள்தான் தம்பி, என் வாழ்க்கையில் ரொம்ப நல்ல மாதங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்குக் கோயிலும் இல்லை, பசாரும் இல்லை. நீயும் நானும் தடித்த கம்பியை எடுத்து காரின் உள்பக்கத்துக்கு ஏற்ற மாதிரி வளைத்து, அந்தக் கம்பியையே அளவு அச்சாகத் தோளில் தூக்கிக்கொண்டு, குழாய் வளைக்கிற பட்டறைக்கு மோட்டார் சைக்கிளில் போனோம். பின்னால் உட்கார்ந்து அந்தப் பெரிய வளைவை நான் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒருவர், 'எந்தக் கோயிலுக்குக் காவடி போகுது?' என்று கேட்டார். இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கிற பெரிய வளைவு ஒரே குழாயாக, ஒட்டு இல்லாமல், வளைந்த இடத்தில் சுருக்கம் விழாமல் வரவேண்டும். குழாயும் இந்த முறை பக்கவாட்டில் ஒட்டிச் செய்தது இல்லை, முழுதாக இழுத்தது. காரின் அடித்தகடோ பிஸ்கட் டின் மாதிரி மெல்லியது. அதன்மேல் குழாயை நேராக நிறுத்தினால் கார் உருளும்போது குழாய் தகட்டைக் குத்திக்கொண்டு கீழே போய்விடும். அதற்காக மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு வைத்து, நடுவில் காரைச் சப்பாத்திக்குள் கறி வைக்கிற மாதிரி வைத்து முடுக்கினோம்.

எல்லாவற்றையும்விட அந்த மேல் பக்கத்து வெல்டிங்! கூரை தடுக்கிறது, கை போகாது. நீ கூரையை அறுத்துவிடலாம் என்றாய். நான் ஒரு வீடியோவில் பார்த்ததைச் சொன்னேன்: கூரையை விடு, அடியில் ஓட்டை போடு. கூண்டை அந்த ஓட்டைகள் வழியாகக் கீழே இறக்கு, மேலே இடம் கிடைக்கும், சுற்றி வெல்டிங் வை, பிறகு தூக்கித் தகட்டின் மேல் உட்காரவை. 'கார்ல நாமளே ஓட்ட போடுறதா? பைத்தியமாலா உங்களுக்கு?' என்று கத்தினாய். கூண்டு உள்ளே இறங்கி, என் கை கூரைக்கும் குழாய்க்கும் நடுவே சுலபமாகப் போனபோது நீ காரைச் சுற்றி ஆடிய ஆட்டத்தை அப்பா இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். குறுக்குக் குழாய் மட்டும் முதல் கூண்டிலும் சரி, இரண்டாவதிலும் சரி, நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டி இருக்கவில்லை. மூலைக்கு மூலை ஒரு கம்பி போடாத கேட் நாளடைவில் தொங்கிவிடும் என்று இந்தக் குடும்பத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

இந்த முறை தாடிக்காரர் கண்ணாடியை விட்டுப் பார்த்தார், குனிந்தார், படுத்தும் பார்த்தார். எழுந்து, கட்டைவிரலை உயர்த்திவிட்டு, இடது பக்கம் யார் உட்காரப்போவது என்று கேட்டார். பாதைக் குறிப்பைச் சத்தமாகப் படித்து ஓட்டுகிறவனுக்கு அடுத்த வளைவைச் சொல்கிற இருக்கை அது. உன் கூட்டாளிகள் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். நான் அவர்களைத் தள்ளிவிட்டு, 'நான்தான்' என்றேன். தோட்டத்தில் டிராக்டர் பிரேக்கைச் சரிசெய்த மெக்கானிக் முதல் இறக்கத்தில் தானே அதில் ஏறிப் போகவேண்டும் என்பது வழக்கம். உன் தாத்தா அதில் கறாராக இருப்பார். 'நீ செஞ்சது, நீ மொதல்ல ஏறு' என்பார். ஏறமாட்டேன் என்றால் சாவியைத் தொடவே மாட்டார். வெல்டிங் நான் வைத்தது, அதனால் நான் ஏறினேன். ஒரு தடவை என்றுதான் ஏறினேன். பிறகு இறங்க மனம் வரவில்லை.

நான் குள்ளம் என்பதால் இடது இருக்கையை உயர்த்தி வைக்கக் குறுக்கே இரண்டு குழாய்களை மேலே தூக்கி வெல்டிங் வைத்தாய். கால் எட்டாது என்று ஒரு பெட்டி செய்து முன்னால் வைத்தாய். இந்த உலகத்தில் என் அளவுக்கென்றே செய்த பொருள் அது ஒன்றுதான். ரவிக்கைகூட ஒரு பிடி பெரிதாகத்தான் தைப்பார்கள்.

பாதைக் குறிப்பை நான் நம் பாஷையில் வைத்துக்கொண்டேன், எண் குறையக் குறைய வளைவு கடுமை, 'தூக்கும்' என்றால் மேட்டில் கார் எகிறும். 'வலது மூணு, கிராணி வீட்டு முடுக்கு. இடது அஞ்சு, பழைய கோயில், தூக்கும். பாலம் குறுகல்.' தோட்டத்தில் அனுமதி வாங்கி நாம் ஓட்டிப் பழகிய அந்த மண்பாதையில்தானே முட்டை கவிழ்ந்தது. சேற்றில் பின்சக்கரம் போனது, வரப்பில் ஏறியது, அவ்வளவுதான், செம்பனை மரமெல்லாம் தலைகீழாக நின்றது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

'ம்மா?' என்றாய்.

'ம்.'

'உயிரோட இருக்கீங்களா?'

'இல்லடா, ஆவி பேசுது. வண்டிய ஆஃப் பண்ணு.'

'கைய கால ஆட்டிப் பாருங்கம்மா.'

'எல்லாம் ஆடுது. தாலிதான் வாய்க்குள்ள வந்துருச்சு.'

குலை வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் நீண்ட அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, 'மக்சிக் ஓகே? மக்சிக் ஓகே?' என்று அழுகிற மாதிரி கேட்டார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வந்து என்ன செய்தேன் சொல்? முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டேன்! அந்த ஒரு தட்டலுக்காகத்தான் இத்தனை வருஷமும் காத்திருந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு கேட் கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பது போலக் கூண்டுக்குள் மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தார், மறுபக்கமும் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு. 'சரியா இருக்கு' என்றார். டேப்பைச் சுருட்டத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் என்னிடம் 'உனக்கு ஒண்ணும் ஆகலையே' என்று கேட்ட விதம் அது. நசுங்கிய கதவுக் குழாய் ஒன்றை மட்டும் வெட்டி மாற்றினோம்.

பிறகுதான் என் கழுத்து. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் ஹெல்மெட்டும் குலுக்கலும் வேண்டாம் என்றார். நீ பக்கத்தில்தான் நின்றாய். வெளியே வந்து, 'பரவாலம்மா, கல்யாணத்துக்கப்பறம் இதெல்லாம் எதுக்கு' என்றாய். நான் தலையாட்டினேன். நீ ஜோகூருக்குப் போனாய், முட்டை விற்பனைக்கு வந்தது. எனக்காகத்தான் விற்கிறாய் என்று தெரியும். நான் இல்லாமல் அந்த இருக்கையை நீ பார்க்க விரும்பவில்லை. எனக்கும், உண்மையைச் சொன்னால், அந்த விளம்பரத்தைப் பார்த்தபோது வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. இனிமேல் வேறு யாரும் அங்கே உட்காரமாட்டார்கள் அல்லவா?

போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணப் பெண் ஷாமினி வந்தாள். காலை ஷிப்ட் முடித்து, பேக்டரிச் சட்டையோடு, செனாவாங்கிலிருந்து மோட்டாரில் நேராக வந்திருந்தாள். கையில் சுடச்சுடப் பொரித்த கரிபாப் பொட்டலம். நல்ல உயரமான பெண், நம் பட்டறைக் கதவில் குனிந்துதான் நுழைந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

'ஆண்ட்டி, காரை விக்காதீங்க. நான் இடது பக்கம் உக்கார்றேன்.'

'அதெல்லாம் சும்மா ஏறி உக்கார்ற எடம் இல்லம்மா. பாதை சொல்லணும்.'

'சொல்லவா?' என்றாள். அங்கேயே, கரிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஆரம்பித்தாள். 'வலது மூணு, கிராணி வீட்டு முடுக்கு. இடது அஞ்சு, பழைய கோயில், தூக்கும். பாலம் குறுகல்.' நீ காருக்குள் எடுத்துப் போட்ட வீடியோக்களைப் பார்த்தே மனப்பாடம் செய்திருக்கிறாள். என் குரல், என் இழுப்பு, என் மூச்சு எல்லாம் அப்படியே இருந்தது. நடுவில் நிறுத்தி, 'ஒரு சந்தேகம் ஆண்ட்டி. பாலம் தாண்டுனதும் எல்லா வீடியோலயும் "மெதுவாடா பாவி"ன்னு கத்துறீங்க. அதுவும் குறிப்பா, இல்ல சும்மாவா?' என்று கேட்டாள்.

உள்ளே கிரில் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா கிரைண்டரை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'உன் உயரத்துக்கு அது ஆகாதும்மா, என் அளவுக்கு செஞ்சது' என்றேன். போட்டுப் பார்க்கிறேன் என்று என் ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டு உள்ளே ஏறினாள். உட்கார்ந்தாள். டக் என்று சத்தம். ஹெல்மெட் கூரைக் குழாயில் இடித்தது. நான், பார்த்தாயா என்கிற மாதிரி நின்றேன். அவள் கழுத்தைச் சாய்த்து, தோளைக் குறுக்கி, அந்தச் சின்ன இடத்துக்குள் தன்னை மடித்துக்கொண்டு, 'பரவால்ல ஆண்ட்டி, நான் கொஞ்சம் குனிஞ்சு உக்காந்துக்குறேன்' என்றாள்.

தம்பி, அந்தச் சத்தமும் அந்தப் பேச்சும் என்னை என்னமோ செய்துவிட்டன. அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இந்தப் பெண் இப்படியே குனிந்து உட்கார்ந்து, முட்டை மறுபடி ஒரு தடவை கவிழ்ந்தால், நான் பார்த்துப் பார்த்து வைத்த அதே குழாய்தான் அவள் கழுத்தை ஒடிக்கும். அளவு மாறிவிட்டால் கூண்டு காப்பாற்றாது, கொல்லும். அதைத் தாடிக்காரர் சொல்லவில்லை, எந்த வீடியோவும் சொல்லவில்லை, அந்த டக் சத்தம் சொன்னது.

'கீழ எறங்கு,' என்றேன். 'குனிஞ்சு உக்கார்றதுக்கா இத செஞ்சோம்?' என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. அவள் பயந்துபோய் இறங்கினாள்.

அவள் போன பிறகு அப்பாவிடம், இருக்கைக் குழாயை வெட்டித் தாழ்த்தினால்தான் உண்டு, ஆனால் வெட்டினால் கூண்டின் பலம் போய்விடுமே என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே, 'கவுந்தப்ப கதவுக் குழாய வெட்டி மாத்துனமே, அப்ப போகாத பலமா? போறது குழாய் பலமா, உன் எடமா, அத மொதல்ல யோசி' என்றார். ஒரு நாள் முழுக்கக் கோபத்தில் கிரில்லையே தேய்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலையில் கிரைண்டரை எடுத்தேன்.

நீ எனக்காகத் தூக்கி வைத்த அந்த இரண்டு குழாய்களையும் வெட்டினேன். உன் வெல்டிங் என்னுடையதைவிட நன்றாக இருந்திருக்கிறதடா, இப்போதுதான் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். வெட்டு வாங்கவே மாட்டேன் என்றது. ஷாமினி ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து வந்தாள். அவளை உட்காரவைத்து, ஹெல்மெட்டுக்கும் குழாய்க்கும் நடுவே என் கை முஷ்டி முழுதாகப் போய்த் திரும்புகிற வரைக்கும் தாழ்த்தினேன். தோள்பட்டைக்குப் பின்னால் பெல்ட் எந்தச் சாய்வில் போகிறது என்று பார்த்தேன். புதிய குழாய்களைக் கீழே, அடித்தகட்டை ஒட்டி வைத்து, சுற்றி முழுவதும் வெல்டிங் வைத்தேன். ஒரு இடத்திலும் தேய்க்கவில்லை. கால் பெட்டியைக் கழற்றும்போது அவள், 'இத வச்சுக்கலாம் ஆண்ட்டி, எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல' என்றாள். 'காலு இடிக்குதா இல்லியா, உண்மையச் சொல்லு' என்றேன். 'இடிக்குது' என்றாள். கழற்றினேன்.

கல்யாணப் புத்திமதி என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், தம்பி, தட்டில் வைத்துக் கொடுக்க வேறொன்றும் இல்லை. அடுத்த மாதம் அவள் நம் வீட்டுக்கு வருவாள். வீட்டில் பாதிக்கு மேல் என் அளவுக்கு இருக்கும். அடுப்பு, அலமாரி, நம் பேச்சு, நீ காலையில் எழுந்ததும் முதலில் கூப்பிடுகிற பெயர், எல்லாமே. அவள் நல்ல பெண், 'பரவால்ல, குனிஞ்சுக்குறேன்' என்றுதான் சொல்லுவாள், அதுவும் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அந்தச் சிரிப்பை நம்பிவிடாதே. டக் சத்தம் கேட்கிறதா என்று பார். கேட்டால், என்னிடம் வந்து சொல்லக் கூச்சப்படாதே. கிரைண்டர் என்னிடம் இருக்கிறது.

நேற்று எல்லாம் முடிந்தது. வழக்கப்படி, செய்தவள் நான், முதலில் ஏறவேண்டியது நான். டாக்டர் சொன்னதெல்லாம் குலுக்கலுக்குத்தானே, பட்டறையைச் சுற்றி ஒரு நடை வேகத்தில் போனால் கழுத்து ஒன்றும் கழன்றுவிடாது. ஷாமினி வலது பக்கம் ஏறினாள். நான் இடது பக்கம் ஏறி, உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டினேன். கூரை எங்கோ உயரத்தில் இருந்தது. கண்ணாடி வழியாகப் பாதை தெரியவில்லை, வானமும் அப்பாவின் தலையும்தான் தெரிந்தன. காலை நீட்டினேன், எட்டவில்லை. பள்ளி பஸ்ஸில் முதல் நாள் உட்கார்ந்த பிள்ளை மாதிரி கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின. சின்னதாக எங்கோ வலித்தது, மறைக்கமாட்டேன். ஆனால் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அளவு சரியாக வந்துவிட்டது என்று.

அவள் கிளட்சை விட்டாள், முட்டை ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. மறுபடி எடுத்தாள், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பாய்ந்தது.

'மெதுவாடி பாவி!' என்று கத்தினேன்.

'அது குறிப்பா, சும்மாவா, அத்தை?' என்றாள். இதுவரை ஆண்ட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு நான் இறங்கிக்கொண்டேன், அவள் இடது பக்கம் மாறினாள். ஹெல்மெட்டை மாட்டினாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் முஷ்டியை விட்டுப் பார்த்தேன். அப்பாவும் விட்டுப் பார்த்தார். இடிக்கவில்லை.

அதனால் குழுவில் உள்ள தம்பி தங்கைகளே, கடைசி விலை கேட்டவர்களே, இனிமேல் கேட்காதீர்கள், விளம்பரத்துக்குக் கீழே 'விற்பனைக்கு இல்லை' என்று எனக்காக நீங்களே எழுதிவிடுங்கள். கேட்டுக் குழாயில் கூண்டு கட்டி, வெல்டிங்கைத் தேய்த்து, வெள்ளிச் சாயம் அடித்துப் படம் போடுகிற பிள்ளை யாரையாவது தெரிந்தால் இதை அவனுக்கு அனுப்புங்கள், அவன் அம்மாவுக்கும் அனுப்புங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலா சாவாவுக்கு வாருங்கள், ஆளுக்கொரு ஹெல்மெட்டோடு வாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், கண்ணாடி விட்டுப் பாருங்கள், குறை சொல்லுங்கள். தாடிக்காரப் பாக்சிக்கை யாருக்காவது தெரிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். கரிபாப்பும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக்கும் என் பொறுப்பு.

மகனே, நீ வெள்ளிக்கிழமை பஸ் ஏறு. கல்யாணம் முடிந்து கோலா கிளாவாங் மலைப்பாதையில் பந்தயம் இருக்கிறது, பெயர் கொடுக்கவேண்டும். நீண்ட பதில் எல்லாம் வேண்டாம், இதற்குக் கீழே 'வரேன்மா' என்று ஒரு சொல் போடு, போதும். இடது பக்கம் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். வலது பக்கம்தான் காலியாக இருக்கிறது.